ஆறாத காலணா

கிண்ணி தகட்டைக் கடித்ததும் ஆமணக்கெண்ணெய் கருகும் வாடைதான் முதலில் கிளம்பும். சத்தம் அதற்குப் பின்னால் வரும். மொக்கம்மாள் அந்த வாடையை வைத்தே வேலை பார்ப்பாள். இளசாகப் புகைந்தால் பல் ஒழுங்காகத் தின்கிறது. கண்ணைக் கரித்தால் சூடேறுகிறது. பிடியைத் தூக்கி, தூளைத் தட்டிவிட்டு, எண்ணெய் ஊற்றி மறுபடி இறக்க வேண்டும். அன்று மத்தியானம் கூடலூர் பஸ்ஸுக்கான தகட்டை அவள் அறுத்துக்கொண்டிருந்தபோது கண் கரித்தது. அவள் தூக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

"எண்ணெய் ஊத்தட்டுமா ஆத்தா?" பக்கத்தில் குவளையோடு நின்ற ஒச்சாண்டி கேட்டார்.

"வேணாண்ணே."

"பல்லு போயிரும்."

"போனா அராவிக்கலாம்."

ஒச்சாண்டி அவள் முகத்தைப் பார்த்தார். இடது கால் சூம்பியதால் பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று விட்டுப்போன பிட்டர் அவர். வாய் மட்டும் சூம்பவில்லை. "இன்னைக்கு எதோ கிறுக்குப் புடிச்சிருக்கு ஒனக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் வர்ற நாளாப் பாத்து" என்று முனகிக்கொண்டே குவளையைக் கீழே வைத்தார்.

உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். கம்பம் பள்ளத்தாக்கில் ஓடிய பஸ் எல்லாம் முதுகில் ஆளுயர இரும்பு உருளையைக் கட்டிக்கொண்டு, கரியை எரித்து, அந்தக் காஸில் ஓடின. சின்னமனூர் மேட்டில் பஸ் ஏறுவதும் பிள்ளைத்தாய்ச்சி ஏறுவதும் ஒன்று என்பார்கள். அந்த உருளைகளைக் கட்டிக்கொடுப்பதுதான் தேனியில், கம்பம் ரோட்டோரம் இருந்த பொன்னுராஜ் பட்டறையின் பிழைப்பு. உருளையின் வயிற்றில் மூன்றங்குலத்தில் ஓர் ஓட்டை போட வேண்டும். காஸ் குழாய் அந்த வழியாகத்தான் வெளியே வரும். குழாயின் கழுத்தில் கல்நார் வளையம் மாட்டி போல்ட்டை முறுக்கினால் எறும்பின் மூச்சுக்கூட வெளியே போகாது; ஓட்டை மட்டும் சுத்த வட்டமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் பொன்னுராஜ் கிண்ணியைச் செய்தார். ஒரு சாண் உருக்குக் குழாயை நறுக்கி, ஒரு வாயில் சுற்றிலும் பல் அராவி, நடுவில் துளை போடும் குச்சி ஒன்றைப் பொருத்தி, ஆயில் இஞ்சின் வாரில் ஓடும் டிரில் மிஷினில் மாட்டினார். கவிழ்த்த கிண்ணம் போல அது தகட்டில் இறங்கும். நடுக்குச்சி முதலில் குத்தி இடம் பிடிக்க, சுற்றுப் பல் வட்டம் போட்டுத் தின்னும்.

தின்று முடித்ததும் கிண்ணிக்குள் ஒரு வில்லை மாட்டிக்கொண்டு வரும். நடுவில் துளையோடு வட்டமாக, அப்போது புதிதாக வந்திருந்த சர்க்கார் ஓட்டைக் காலணா போலவே இருக்கும். அதனால் பட்டறையில் அதற்குக் காலணா என்றே பெயர். இதில் பொன்னுராஜுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. அறுத்த ஒவ்வொரு காலணாவிலும் வண்டி நம்பரைக் குத்தூசியால் அடித்து, ஒரு கம்பியில் கோத்துச் சுவரில் மாட்டிவிடுவார். நாளைக்குக் குழாய்க் கழுத்து வளைந்தது, வளையம் நைந்தது என்று வந்தால், அந்த வண்டியின் காலணாவை எடுத்து அளவு பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஓட்டைக்கு ஒரு காலணா. அது தப்பியதே இல்லை.

மொக்கம்மாள் அந்தப் பட்டறைக்குக் கரி சலிக்க வந்து பதினொரு மாதம் ஆகிறது. அதற்கு முன் மாதம்தான் அவள் புருஷன் கர்ணன் செத்தான்.

கர்ணன், செல்லப்பாண்டி முதலாளியின் நூற்றுப்பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர். போன ஐப்பசியில், நல்ல மழை. கடைசி நடை முடிந்து சின்னமனூரில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் மழைத்தட்டிகளை எல்லாம் இறக்கிவிட்டு, பின் சீட்டில் படுத்தான். விடிந்தபோது எழுப்பப் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். உதடும் நகக்கண்ணும் வெற்றிலை போட்டது போலச் சிவந்திருந்தன. அவனோ சாராயத்தைத் தொட்டதே இல்லை; இருமல் மருந்தைக்கூட வாடை பிடிக்காது என்று துப்புகிறவன். செல்லப்பாண்டி வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். ரோட்டோரப் புல்லில் கிடந்த ஒரு சாராயப் பாட்டிலை எடுத்து, "இந்தா, இதுதான்" என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். "முகச் செவப்பப் பாத்தாலே தெரியலையா? உருளைக்கு ஒரு குறையும் இல்ல. பொன்னுராஜ் பட்டறையில கிண்ணியில அறுத்தது." இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பாட்டிலுக்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது. அதை மொக்கம்மாள் ஒருத்திதான் பார்த்தாள். புருஷன் தலையை மடியில் வைத்திருந்தவள் சொன்னால் யார் கேட்பது? அன்றைக்கே உருளை கழற்றப்பட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால், "குடிகாரன் பொண்டாட்டிக்கு வழி விடுங்கடி, தள்ளாடி விழுந்துரப் போறா" என்று ஒரு குரல் வரும். யார் குரல் என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் செல்லப்பாண்டியின் கைதான் கண்ணில் தெரியும். புல்லுக்குள் குனிந்து பாட்டிலை எடுக்கிற கை.

கரி சலித்த மூன்றாம் மாதம் அவளுக்குக் காலணாக் கம்பியின் கணக்கு பிடிபட்டது. எழுத்துத் தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும். பஸ்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாமல் போகுமா. மத்தியானக் கஞ்சி நேரத்தில் கம்பியை இறக்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நூற்றுப்பதினாலு இல்லை. மறுபடி பார்த்தாள். இல்லை.

"அந்த வண்டி இங்கன வரவே இல்ல தாயி" என்றார் பொன்னுராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு. "இங்கன வந்தா நாலு நாள் காத்துக் கெடக்கணும்னு, பெரியகுளம் ரோட்டுல எவனோ கொல்லன்கிட்ட உளி வச்சுக் கொத்தி வாங்கிக்கிட்டாகன்னு கேள்வி. உளியில கொத்துனா வாய் பிஞ்சு நிக்கும். வளையம் உக்காராது. இஞ்சின் ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது, காஸை அது இழுத்துக்கும். வண்டி நின்ன பெறகுதான் கசியும். அதை இழுத்துச் சுவாசிச்சா ஆளு உதடு செவந்து தூக்கத்துலயே போயிருவான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"என்னைய எவன் கேட்டான்? கேக்கல. நானும் சொல்லல." கம்பியைத் திரும்பச் சுவரில் மாட்டிக்கொண்டே, "இங்கன வர்றதுல பாதி வண்டி அவரு வண்டி தாயி" என்றார்.

அவள் அழவில்லை. கஞ்சிக் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்று சாயங்காலமே எண்ணெய்க் குவளையோடு டிரில் மிஷின் பக்கத்தில் போய் நின்றாள். மற்ற பிட்டர் இருவரும் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துப் போனபோது, கிண்ணியின் பிடி தானாக அவள் கைக்கு வந்தது. அவள் பெயர் சொல்லி ஓட்டை கேட்கும் டிரைவர்கள்கூட உண்டு. அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. செல்லப்பாண்டி ஒரு நாள் தன் வண்டியோடு இந்தப் பட்டறைக்கு வருவார், அதே நாளில் பிரேக் இன்ஸ்பெக்டரும் வர வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் மற்ற நாளெல்லாம் ஓட்டை போட்டாள்.

அது இன்றைக்கு வந்திருந்தது.

கூடலூர்த் தகடு கால் அங்குல கனம். வட்டம் முடிந்து கிண்ணி தடக்கென்று இறங்கியது. மொக்கம்மாள் வாரைத் தள்ளிவிட்டு, கிண்ணியின் பக்கத்துக் கீறலில் கம்பியை விட்டு நெம்பினாள். காலணா கீழே விழுந்தது. இடுக்கியால் எடுத்து பெஞ்சின் ஓரத்தில், வாசல் பக்கம் நிற்பவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் வைத்தாள். எண்ணெய் காய்ந்த கருப்பு. புகை இல்லை, நிறம் மாறவில்லை. பார்த்தால் போன வருஷத்து இரும்பு போலத்தான் இருந்தது.

"நம்பர் அடிக்கலையா?" என்றார் ஒச்சாண்டி.

"கெடக்கட்டும். உளியும் சுத்தியும் எங்கனண்ணே?"

பிரேக் இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜ் மாதம் ஒரு தடவை வந்து, கட்டி முடித்த உருளைகளைச் சோதித்துச் சீட்டுக் கொடுப்பவர். இணைப்புகளில் ஊதுபத்தியைக் காட்டி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். வாசலில் நின்ற இரண்டு பஸ்களுக்கு அவர் ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். டிரைவர்களும் கிளீனர்களுமாக ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நின்றார்கள். செல்லப்பாண்டியின் கறுப்புக் கார் பட்டறைக்குள்ளேயே நின்றது. பின்னால் புது உருளை தயார். ஓட்டை மட்டும் பாக்கி.

செல்லப்பாண்டி மல்லுவேட்டி, சென்ட் வாசனையோடு உள்ளே வந்தார். "முடிஞ்சிருச்சா பொன்னுராஜு? அந்திக்குள்ள கம்பத்துல இருக்கணும். பாப்பாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாளுக காத்துக்கிட்டு இருப்பாக."

"ஓட்டை மட்டுந்தான் மொதலாளி. மொக்கம்மா போட்டுருவா."

"பொம்பளையா?"

"கிண்ணி இப்ப அவ கைக்குத்தான் கட்டுப்படுது."

செல்லப்பாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, நம்ம கர்ணன் சம்சாரமா. பொழைக்க ஒரு வழி தேடிக்கிட்ட. நல்லது. அவன் மட்டும் அந்தச் சனியனத் தொடாம இருந்திருந்தா..." என்று கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். வாசலில் எவனோ ஒரு கிளீனர் சிரித்தான்.

மொக்கம்மாள் உருளை முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டத்தின் விளிம்பில் உளியை வைத்து, சுத்தியலை ஓங்கி ஒரு அடி அடித்தாள். ணங்கென்று பட்டறை அதிர்ந்தது.

"என்னத்தா பண்ற?"

"ஓட்டை போடுறேன் மொதலாளி. அவசரம்னீக. கிண்ணின்னா அரை மணி நேரம் ஆகும். உளின்னா பத்தே நிமிசம்." இன்னொரு அடி.

"ஏ, நிறுத்து. உளிய எடு மொதல்ல." செல்லப்பாண்டி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "உளியில கொத்துனா வாய் கிழிஞ்சு நிக்கும், வளையம் உக்காராது. காஸ் கசியுமா கசியாதா? எம்மக உக்காரப் போற வண்டி. எல்லாரையும் கொல்லப் பாக்குறியா?"

மொக்கம்மாள் சுத்தியலைத் தரையில் வைத்தாள்.

"உளியில கொத்துனா ஆளு செத்துப் போவாகளா மொதலாளி?"

"பின்ன? இங்கன வேலை பாக்குற, இது தெரியாதா ஒனக்கு?"

"எனக்கு எட்டு மாசமாத்தான் தெரியும். ஒங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

வாசலில் வைகுண்டராஜின் கையில் இருந்த ஊதுபத்தி அப்படியே நின்றது. புகை நேராக மேலே போயிற்று.

"என்னமோ பேசுறா" என்றார் செல்லப்பாண்டி, கூட்டத்தைப் பார்த்து. "நூத்துப்பதினால நினைச்சுப் பேசுறா. அது இதே பட்டறையில கிண்ணியில அறுத்தது. இன்ஸ்பெக்டரய்யாவே எழுதியிருக்காக."

மொக்கம்மாள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கம்பியைக் கழற்றினாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரம். நடந்து வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினாள். "இங்கன அறுத்த ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு காலணா இருக்கும் சாமி. ஒவ்வொண்ணுலயும் வண்டி நம்பர் இருக்கும். நான் படிக்காதவ. நீங்க பாத்துச் சொல்லுங்க."

வைகுண்டராஜ் பொன்னுராஜைப் பார்த்தார். பொன்னுராஜ் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. "ஆமாய்யா" என்றார். அவ்வளவுதான். ஒரு வருஷமாக அவர் வாய்க்குள் கிடந்த சொல் அது.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காலணாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கூட்டமும் கூடவே எட்டிப் பார்த்தது. "நூத்தி ரெண்டு... அது எங்க வண்டி" என்றான் ஒரு டிரைவர். "நூத்தி ஒம்பது... நூத்திப் பன்னெண்டு..." கம்பி தீர்ந்தது.

"நூத்துப்பதினாலு இல்லையே" என்றார்.

"விழுந்திருக்கும்." செல்லப்பாண்டியின் கண் பட்டறையைச் சுற்றியது. "ஆயிரம் இரும்பு கெடக்குற எடம். கழண்டு எங்கிட்டாவது கெடக்கும்." மொக்கம்மாள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கண் தரையில் போயிற்று, மூலையில் போயிற்று, பெஞ்சில் ஏறியது, ஓரத்தில் வந்து நின்றது. சின்னமனூர்ப் புல்லில் அது நின்ற மாதிரியே நின்றது.

"இந்தா, இதுதான்" என்று செல்லப்பாண்டி காலணாவை முழுக் கையால் அள்ளினார்.

ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் வாயிலிருந்து வந்தது மனுஷச் சத்தமாக இல்லை. காலணா தரையில் விழுந்து, உருண்டு, கொஞ்ச நேரம் தன்னைத்தானே சுற்றிவிட்டு, இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் பக்கத்தில் படுத்தது.

"அது இப்பத்தான் அறுத்தது மொதலாளி" என்றாள் மொக்கம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. "ஒங்க வண்டி காலணான்னா ஒரு வருசத்துல ஆறியிருக்குமே."

முதலில் சிரித்த கிளீனர் தலையைத் திருப்பிக்கொண்டான். ஒச்சாண்டி எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு போய், "கையைக் காட்டுங்க மொதலாளி" என்று உள்ளங்கையில் ஊற்றினார். சிவந்த வட்டம் ஒன்று அங்கே எழும்பிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் மொச்சைக் கொட்டை அளவுக்குத் தோல் வெந்துபோகாமல் இருந்தது. "நல்லாப் பதிஞ்சிருக்கு. நம்பர் ஒண்ணுதான் குறை" என்றார் ஒச்சாண்டி. அவருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

வைகுண்டராஜ் குனிந்து காலணாவைப் பார்த்தார். எடுக்கவில்லை. பிறகு தன்னுடைய வலது கையைப் பார்த்தார். போன வருஷம் பாட்டிலை வாங்கிய கை. நோட்டைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் காட்டவில்லை. "கார் வேலையை முடிச்சுக் கொடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பியைத் திருப்பிக் கொடுக்காமல் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"பொன்னுராஜு, நீ போடு" என்றார் செல்லப்பாண்டி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டே.

"கிண்ணி இப்ப என் கைக்குக் கட்டுப்படாது மொதலாளி."

வேறு வழி இல்லை. கம்பத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். உளி பட்ட இடத்தை அராவி வழித்துவிட்டு, ஒச்சாண்டியும் டிரைவர்களும் உருளையைக் கழற்றித் தூக்கி வந்து மிஷினுக்கு அடியில் கிடத்தினார்கள். மொக்கம்மாள் கிண்ணிக்குப் புதுப் பல் அராவினாள். நடுக்குச்சியைச் சுண்ணாம்புப் புள்ளியில் நிறுத்தி வாரைப் போட்டாள். இந்தத் தடவை எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நாலு சுற்றுக்கு ஒரு தடவை தூக்கினாள், தூளைத் தட்டினாள், இறக்கினாள். வாடை இளசாக, தாளிப்பு மாதிரி வந்தது. செல்லப்பாண்டி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தார். பார்த்து அவருக்கு என்ன தெரியும்?

கழுத்தை மாட்டும்போது ஒரு கல்நார் வளையம் போதும். மொக்கம்மாள் இரண்டு போட்டாள். பட்டறை வாசலில் குடைக்குக் கீழே, பட்டுச்சேலையில் செல்லப்பாண்டியின் மகள் வந்து நின்றிருந்தாள். பதினெட்டு வயசு இருக்கும். தலை நிறையப் பூ. இரண்டு வளையம் போட்டதை மொக்கம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலு போல்ட்டையும் முறுக்கி, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஊதுபத்தி காட்டிவிட்டுத் தலையாட்டினார்.

"சரியாத்தான் போட்டிருக்கியா?" என்று செல்லப்பாண்டி கேட்டார். குரல் அடங்கியிருந்தது. அவளை நேராகப் பார்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஊதுபத்திக்கு இப்பத் தெரியாது மொதலாளி" என்றாள் மொக்கம்மாள். "அதுக்கு மழை வரணும். கதவெல்லாம் அடைக்கணும். உள்ள ஆளு நல்லா அசந்து தூங்கணும். அப்பத்தான் தெரியும்."

கார் கிளம்பிப் போனபோது அந்திக் கருக்கல். போடி மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டி நூறு கஜம் போயிருக்காது, மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய சொட்டு. வாசலில் நின்ற டிரைவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தங்கள் வண்டிகளுக்கு ஓடினார்கள். ஓடும்போதே ஒருவன் இன்னொருவனிடம், "ஆறாத காலணா போகுதுடா" என்றான். அவன் கம்பம் ரூட். நாளைக் காலை பஸ் கம்பம் போய்ச் சேரும்போது அந்தப் பெயரும் கூடவே போய் இறங்கும்.

ஓடுகிற வண்டியில் காஸ் கசியாது. இஞ்சின் இழுத்துக்கொள்ளும். அது கரி வண்டி ஓட்டுகிற எவனுக்கும் தெரியும்.

மொக்கம்மாள் வாசலிலேயே நின்று பார்த்தாள். எதிரே மாட்டுவண்டி வரிசை வந்ததால் கார் ரோட்டில் நின்று உறுமியது. நாலு கண்ணாடியும் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் செல்லப்பாண்டி தலையையும் தோளையும் வெளியே நீட்டி, மழைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் அந்தப் பெண் பட்டுச்சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடிப் பிடியைச் சுழற்றத் தொடங்கினாள். கண்ணாடி அரை சாண் ஏறியது. முன் சீட்டிலிருந்து துணி சுற்றிய கை ஒன்று பின்னால் பாய்ந்து வந்து, அவள் கையைத் தட்டிவிட்டது.